படத்துக்கு முன்னால் விரிக்கும் இலை

மலேசியாவின் நெகிரி செம்பிலான் ரப்பர் தோட்டங்களில் பால்மரம் சீவிய தலைமுறையில் பலருக்கு, வாழ்நாளின் முதல் புகைப்படத்தை எடுத்துக் கொடுத்தது அரசாங்கம்தான். கல்யாணத்துக்குக்கூடப் படம் எடுத்திராதவர்கள் அவர்கள். 1948 ஜூன் மாதம் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. காட்டில் ஆயுதம் ஏந்தியிருந்தவர்கள் யார், ஊரில் பிழைப்பவர்கள் யார் என்று பிரித்தறிய ஆங்கிலேய ஆட்சிக்கு ஒரு வழி வேண்டியிருந்தது. 12 வயது நிரம்பிய எல்லாரும் பெயரைப் பதிந்து, கட்டைவிரல் ரேகை வைத்து, படம் ஒட்டிய அடையாள அட்டை வாங்கியாக வேண்டும் என்று சட்டம் வந்தது. விடிகாலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நின்று பழகிய ஆட்கள் கேமராவுக்கு முன்னாலும் அப்படியே வரிசையில் நின்றார்கள். படத்தில் சிரிப்பு இல்லை. கண் இமைக்கக் கூடாது என்ற பயம் மட்டும் தெரிகிறது.

அந்தச் சின்னப் படத்துக்கு அன்றைக்கு இருந்த மதிப்பே வேறு. அட்டை இல்லாமல் சாலையில் அகப்பட்டால் போலீஸ் பிடிக்கும். அட்டையோடு காட்டோரம் அகப்பட்டால் போராளிகள் பறித்துக் கிழிப்பார்கள், ஏனென்றால் அந்தப் பதிவுதான் அவர்களைத் தனிமைப்படுத்தியது. இரு தரப்புக்கும் வேண்டாத மனிதர் ஒருவரின் முகம் இரு தரப்பும் சண்டையிடும் பொருளானது.

ஆனால் அந்தப் படத்தின் பெரிய வாழ்க்கை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. இருபது, முப்பது வருடம் கழித்து அந்த மனிதர் இறந்தபோது வீட்டில் தேடிப் பார்த்தால் வேறு படம் கிடையாது. மகன் அட்டையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி சிரம்பானுக்கோ பகாவுக்கோ போவான். டவுனில் சீனர் நடத்தும் ஸ்டுடியோவில் அதைக் கொடுத்துப் பெரிதாக்கித் தரச் சொல்வான். தபால்தலை அளவிலிருந்த முகம் ஒன்றரை அடிச் சட்டத்துக்குள் விரியும்போது மங்கிவிடும். அதைச் சரிசெய்யத் தூரிகையும் பென்சிலும் வரும். மேல்சட்டை இல்லாதவருக்குக் கோட்டு வரையப்படும். அம்மாவின் காதில் தோடு ஏறும், புடவைக்குச் சாயம் வரும். கணவர் அட்டையில் ஒரு முகம், மனைவி அட்டையில் ஒரு முகம். இரண்டையும் சேர்த்து ஒரே சட்டத்தில் அருகருகே உட்கார வைத்துவிடுவார் ஸ்டுடியோக்காரர். வாழ்நாளில் ஒரு தடவையும் சேர்ந்து படம் எடுத்துக்கொள்ளாத தம்பதி இறந்த பிறகு ஜோடியாகிச் சுவருக்கு வருவார்கள்.

அந்தப் படத்துக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, சின்ன மின்விளக்கு ஒன்றை எரிய விடுவார்கள். தீபாவளிக்கு முதல் நாளோ விடிந்த பிறகோ அதன் முன்னால் வாழை இலை விரியும். மலேசியத் தமிழர் வீடுகளில் இந்தப் படையல் இல்லாமல் தீபாவளி தொடங்குவது அரிது. இட்லி, கோழிக்குழம்பு, ஆட்டிறைச்சி, முறுக்கு, மடித்து வைத்த புதுத்துணி. தாத்தாவுக்குச் சுருட்டுப் பிடிக்கும் என்றால் சுருட்டு. தோட்டத்துக் கள்ளுக்கடையின் வாடிக்கையாளராக இருந்தவர் என்றால் அதற்கும் ஒரு போத்தல். பாட்டிக்கு வெற்றிலைப் பாக்கு. சாம்பிராணி போட்டுக் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் கொஞ்ச நேரம் வெளியே நிற்பார்கள். உள்ளே அவர்கள் வந்து சாப்பிடட்டும் என்று.

யார் வந்து சாப்பிடுகிறார்கள்? இந்தக் கேள்வியைத் தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாரும் ஒரு வயதில் கேட்டிருப்பார்கள். பதிலாகத் தலையில் ஒரு குட்டும் வாங்கியிருப்பார்கள். கேள்வி என்னவோ பழையது. உயிர் உடலை விட்டுப் போய் வினைக்கேற்ப வேறு பிறவி எடுத்துவிடும் என்று சைவ சித்தாந்தம் சொல்கிறது. அப்படியானால் தாத்தா இப்போது வேறெங்கோ வேறொருவராக வளர்ந்துகொண்டிருக்க வேண்டும். இங்கே இலையில் வைத்த ஆட்டிறைச்சி அவருக்கு எப்படிப் போகும்? மச்ச புராணம் இந்தச் சிக்கலை நேராகவே எதிர்கொள்கிறது. முன்னோர் தேவராகப் பிறந்திருந்தால் படைத்த உணவு அமுதமாகவும், விலங்காகப் பிறந்திருந்தால் புல்லாகவும் மாறிப் போய்ச் சேரும் என்கிறது அது. பெயரும் குலமும் சொல்லி அழைப்பதே அந்த உணவுக்கு வழி காட்டுகிறதாம்.

இந்த விடையில் படத்துக்கு இடமே இல்லை. அது எழுதப்பட்ட காலத்தில் படமும் இல்லை. திதி கொடுப்பவருக்குத் தேவை எள்ளும் நீரும் மூன்று தலைமுறைப் பெயர்களும்தான். தென்புலத்தாரை இல்வாழ்வானின் கடமைகளில் ஒன்றாக வைத்த வள்ளுவரும் உருவம் எதையும் கேட்கவில்லை. ஆகமக் கோயிலிலோ உருவம் உண்டு, ஆனால் அது சிற்பி செதுக்கியவுடன் சாமியாகிவிடாது. கண் திறக்க வேண்டும், கும்பநீர் ஊற்ற வேண்டும், மந்திரத்தால் உயிர்ப்பிக்க வேண்டும். ஸ்டுடியோவிலிருந்து பழைய செய்தித்தாளில் சுற்றி பஸ்ஸில் வந்த படத்துக்கு இந்தச் சடங்கு ஒன்றும் நடப்பதில்லை. ஆணியில் மாட்டியதும் அது வேலையைத் தொடங்கிவிடுகிறது.

வீட்டுப் பெரியவர்கள் இந்த வேறுபாட்டை அறிந்தே இருந்தார்கள். அதனால்தான் சாமிமேடைக்குள் இறந்தவர் படத்தை வைக்கக் கூடாது என்பார்கள். பக்கத்துச் சுவரில் மாட்டலாம், சாமிக்குச் சமமான உயரத்தில் வேண்டாம், தெற்கைப் பார்த்து இருக்கட்டும் என்று வீட்டுக்கு வீடு ஒரு விதி. உயிரோடு இருப்பவர் படத்துக்கு மாலை போட்டுவிட்டால் வீடே பதறும்.

ஆனால் தோட்டத்துச் சமயத்தில் அந்தக் கோடு அவ்வளவு கெட்டியாகவும் இருந்ததில்லை. மாரியம்மன் கோயிலைத் தாண்டினால் எல்லையில் நிற்பவர்கள் முனியாண்டியும் மதுரை வீரனும். மதுரை வீரன் கதைப்படி மாறுகால் மாறுகை வாங்கப்பட்டுச் செத்த மனிதர். அநியாயமாக இறந்தவர் தெய்வமாவது தமிழருக்குப் புதிதல்ல. போரில் விழுந்த வீரனுக்குக் கல் எடுப்பதைத் தொல்காப்பியம் ஆறு படிகளாக வகுக்கிறது: கல்லைத் தேர்வது, கொண்டுவருவது, நீராட்டுவது, நடுவது, படைப்பது, வாழ்த்துவது. அந்தக் கல்லில் வீரனின் பெயரும் செய்த செயலும் எழுதப்பட்டன. முகச்சாயல் யாருக்கும் முக்கியமாகப் படவில்லை. பெயர் தெரிந்தால் போதும், படையலை எந்தக் கல்லுக்கு முன்னால் வைக்கலாம் என்று ஊருக்குத் தெரிந்துவிடும்.

புகைப்படம் இதைத் தலைகீழாக்கியது. முகம் நூற்றுக்கு நூறு இருக்கிறது, பெயர் எங்கும் இல்லை.

இதிலே ஒரு விசித்திரம், படையலை மூடநம்பிக்கை என்று ஒதுக்கியவர்களும் படத்தை ஒதுக்கவில்லை. பெரியார் 1929 இறுதியிலும் 1954இலும் மலாயாவுக்கு வந்தார். அவர் விதைத்த சுயமரியாதைக் கருத்துகள் தோட்டப்புறங்களில் கள் ஒழிப்பாகவும் சீர்திருத்தத் திருமணமாகவும் படிப்பகமாகவும் முளைத்தன. புரோகிதர் வேண்டாம், கருமாதி வேண்டாம், பிண்டம் வேண்டாம் என்றார்கள் அந்த வழி வந்தவர்கள். சரி, இறந்தவருக்கு என்னதான் செய்வது? படத்திறப்பு. துணி மூடிய படத்தை ஒரு தலைவர் திறந்துவைப்பார், இறந்தவரைப் பற்றி நாலு பேர் பேசுவார்கள், பிறகு சாப்பாடு. ஆன்மா என்ற ஒன்றே கிடையாது என்பவரும், அது வந்து இலையில் உட்காரும் என்பவரும் கடைசியில் அதே ஸ்டுடியோவில் அதே அடையாள அட்டையைக் கொடுத்துத்தான் படம் வாங்கினார்கள். ஒருவர் படத்தின் முன் உணவு வைத்தார், மற்றவர் பேச்சை வைத்தார்.

பக்கத்துக் கம்பத்தில் (கிராமத்தில்) இருந்த மலாய் முஸ்லிம்களுக்கும் டவுனில் கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம்களுக்கும் கேள்வி வேறு வடிவில் வந்தது. உயிருள்ளவற்றின் உருவத்தை ஆக்குவது இறைவனின் படைப்போடு போட்டி போடுவதாகாதா? எகிப்தின் தலைமை முஃப்தியாக இருந்த முகம்மது பகீத் அல்-முதீஇ இதற்குத் தனி நூலே எழுதினார். புகைப்படக்காரர் எதையும் புதிதாக உண்டாக்கவில்லை, ஏற்கனவே விழுகிற நிழலைப் பிடித்து நிறுத்துகிறார், அவ்வளவுதான். அதனால் அது கூடும் என்பது அவர் வாதம். இறந்தவர் படத்துக்கு முன் வணங்குவதை அவர் வாதம் தொடவில்லை. ஆனால் ஒன்றைத் தெளிவாக்கிவிட்டது. படத்தில் இருப்பது மனிதர் விட்டுப்போன நிழல். அந்த நிழலைப் பார்க்கிறவர் மனதில் நடப்பது வேறு கணக்கு.

அந்தக் கணக்கை மிகப் பழங்காலத்திலேயே போட்டுப் பார்த்தவர்கள் நியாய தரிசனத்தார். நாம் அனுபவிக்கும் எதுவும் மனதில் ஒரு சுவட்டை விட்டுப் போகிறது, அதைச் சம்ஸ்காரம் என்றார்கள். சுவடு உறங்கிக் கிடக்கும். ஏதோ ஒன்று அதை எழுப்பினால் நினைவு வரும். எவையெல்லாம் எழுப்பும் என்று கௌதமரின் நியாய சூத்திரம் இருபதுக்கும் மேற்பட்ட காரணங்களை அடுக்குகிறது. அந்தப் பட்டியலில் ஒத்த உருவம் இருக்கிறது, உடைமை இருக்கிறது, உறவு இருக்கிறது, பிரிவு இருக்கிறது. இன்பம், துன்பம், பயம், ஆசை எல்லாம் இருக்கின்றன. சுவரில் மாட்டிய படம் ஒன்றே இவற்றில் பாதியைத் தூண்டிவிடும்.

இந்தக் கோட்பாட்டின்படி நினைவு படத்துக்குள் இல்லை. படம் எழுப்புகிறது, எழுவது பார்ப்பவரிடம் இருக்கும் சுவடு. சுவடு இல்லாதவர் முன்னால் அதே படத்தைக் காட்டினால் முண்டாசு கட்டிய ஒரு கிழவர் தெரிவார், அவ்வளவுதான். முன்பு கண்டவரை இன்று கண்டு 'அவர்தான் இவர்' என்று அறிவதை நியாய நூல்கள் வெறும் நினைவிலிருந்து பிரித்துத் தனியாகப் பேசுகின்றன. அதற்கு இன்றைய காட்சியும் வேண்டும், அன்றைய சுவடும் வேண்டும். இரண்டும் சந்திக்காமல் அடையாளம் காணுதல் இல்லை.

பிரெஞ்சு எழுத்தாளர் ரோலான் பார்த் வேறு வழியாக இதே இடத்துக்கு வந்தார். 1977இல் அவருடைய தாய் இறந்தார். பழைய படங்களைப் புரட்டியபோது, தாய் ஐந்து வயதுச் சிறுமியாக நிற்கும் ஒரு படத்தில்தான் தம் அம்மாவை முழுமையாகக் கண்டதாக உணர்ந்தார். 1980இல் வெளிவந்த அவரது நூல் அந்தப் படத்தைச் சுற்றியே நகர்கிறது. பல படங்களை அச்சிட்ட அந்த நூலில் அந்த ஒரு படத்தை மட்டும் அவர் போடவில்லை. வாசகருக்கு அது இன்னொரு பழைய படமாகத்தான் இருக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

நெகிரி செம்பிலானுக்கு இந்தத் தத்துவம் வெறும் தத்துவமாக இல்லாமல் போனது ஜப்பானியர் காலத்தில். 1942இலும் 1943இலும் சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட ஆள் வேண்டியிருந்தது. மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் போனார்கள். பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். ஆசை காட்டி அழைத்தார்கள், அதற்கு ஆள் சேராதபோது பிடித்து ஏற்றினார்கள். வாந்திபேதியிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் அவர்களில் பெருந்தொகையானோர் அங்கேயே மடிந்தார்கள். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், காத்திருந்தவர்களுக்கு இறப்புத் தந்தி வரவில்லை. உடல் வரவில்லை. அடையாள அட்டைச் சட்டம் வர இன்னும் ஐந்தாறு வருடம் இருந்தது, ஆகவே பெரிதாக்குவதற்கு ஒரு சின்னப் படமும் பல வீடுகளில் இல்லை. முகம் பார்த்தவர்கள் இருக்கும்வரை முகம் இருந்தது.

தாய்லாந்தின் காஞ்சனபுரியில், அதே பாதை வேலையில் இறந்த நேசப் படைக் கைதிகளின் போர்க்கல்லறையில் கிட்டத்தட்ட 7,000 பேர் துயில்கிறார்கள். பெரும்பாலான கல்லில் பெயர் உண்டு, படைப்பிரிவு உண்டு, இறந்த நாள் உண்டு. அதே ஊரில் ஆசியத் தொழிலாளர்கள் கூட்டமாகப் புதைக்கப்பட்ட இடம் வாட் தாவோன் வராராம் என்ற புத்த கோயில் வளாகத்தில் இருக்கிறது. அங்கே 2023இல் தமிழர்கள் ஒரு நடுகல் நட்டார்கள். தொல்காப்பியக் காலத்து வழக்கம், எண்பது வருடம் தாமதமாக, நாடு கடந்து நடந்தது. பெயர் தெரியாதவர்களுக்கு முகமும் கிடையாது என்ற நிலையில் கல் ஒன்றுதான் கைகொடுத்தது.

படம் இருந்தும் மாலை போட முடியாத நிலையும் உண்டு. 2017 பிப்ரவரி 20 அன்று இலங்கையின் கிளிநொச்சியில், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பத்தினர் கந்தசாமி கோயில் முன்னால் தொடர் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு தாயின் கையிலும் ஒரு படம். பள்ளிச் சீருடையில், கல்யாணக் கோலத்தில், அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கிய முகத்தில். அந்தப் படங்களுக்கு அவர்கள் பூச்சரம் சூட்டுவதில்லை. சூட்டினால் பிள்ளை இறந்ததை ஒப்புக்கொண்டதாகும், அரசாங்கத்திடம் கேட்பதற்குக் கேள்வியே இல்லாமல் போய்விடும். ஒரே தாள், ஒரே முகம். மாலை விழுந்தால் அவர் முன்னோர், விழாதவரை மகன். சயாமுக்குப் போனவர்களின் மனைவியர் எத்தனையோ வருடம் தாலியைக் கழற்றாமல் காத்திருந்ததும் இதே நியாயத்தில்தான். அவர்களுக்கு வழக்கு நடத்த ஒரு படம்கூட இல்லை என்பதே வித்தியாசம்.

இதற்கு நேர் எதிரான நிலையும் மலாயாவில் உண்டு. சிங்கப்பூரில் 1867இல் தொடங்கிய லாம்பர்ட் ஸ்டுடியோவும், மலாயா தீபகற்பத்தைப் படமாக்கி 1907 வாக்கில் தொகுப்பு வெளியிட்ட ஜெர்மானியர் கிளைன்குரோத்தேயும் அந்தக் கால மலாயாவின் முகத்தைத் துல்லியமாகப் பதித்தவர்கள். அப்படிப்பட்ட ஸ்டுடியோப் படங்களிலும் அன்றைய அஞ்சலட்டைகளிலும் தமிழ்த் தொழிலாளர்கள் வருகிறார்கள். மரத்தடியில் கத்தியோடு ஒருவர். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண். வெளிச்சம் அருமை, நிற்கும் தோரணை அருமை. அடியில் எழுதியிருப்பது 'தமிழ்க் கூலிகள்'. இன்று அந்தப் படங்கள் ஏலத்தில் விலைபோகின்றன, நூல்களின் அட்டையை அலங்கரிக்கின்றன. யாருடைய கொள்ளுப்பாட்டியோ அதில் இருக்கிறார். யாரும் அவருக்கு இலை விரிப்பதில்லை, ஏனென்றால் அவரை அவர் என்று சொல்லக்கூடிய ஆள் ஒருவரும் மிஞ்சவில்லை.

படத்துக்குள் ஆளைக் கொண்டுவருவது உறவு என்றால், அந்த உறவு வாழ்ந்த இடம் தோட்டம். லயத்தில் ஒரு வீட்டுப் படம் பத்து வீட்டுக்குத் தெரிந்திருந்தது. அப்பா யார் என்று பிள்ளைக்குத் தெரியாவிட்டாலும் பக்கத்து வீட்டுப் பாட்டிக்குத் தெரியும். அந்த ஏற்பாடு மூன்று தடவை கலைந்தது.

முதலில் 1950களிலும் 60களிலும் பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது. அடுத்து 1969க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமானபோது. பிறந்ததிலிருந்தோ சின்ன வயதிலிருந்தோ இந்த மண்ணில் இருந்தும் சிவப்பு அடையாள அட்டையோடு நின்றவர்கள் வேலை இழந்தார்கள். சுமார் 60,000 பேர் தமிழ்நாட்டுக்குக் கப்பல் ஏறினார்கள். 1926 முதல் 1973 வரை ஓடிய ரஜுலா கப்பலின் கடைசிக் காலப் பயணிகளில் அவர்களும் உண்டு. தகரப்பெட்டிக்குள் துணிமணியோடு படங்களும் போயின. அண்ணன் இங்கே, தங்கை அங்கே என்று பிரிந்த குடும்பங்களை அதற்குப் பிறகு வருடக்கணக்கில் இணைத்தது வான்தபாலில் போய்வந்த ஸ்டுடியோப் படங்கள்தான். பின்பக்கம் ஊதா மையில் தேதியும் 'அன்புடன்' என்ற சொல்லும் இருக்கும். ஒரு குழந்தையை, பிறந்தது முதல் பூப்பெய்தியது வரை, அத்தை அந்தப் படங்களிலேயே வளர்த்தாள்.

மூன்றாவது தடவை எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும். அதற்குப் பிறகு நிலத்துக்கே வேறு விலை வந்தது. நீலாயிலும் சிரம்பானைச் சுற்றியும் தோட்டங்கள் இருந்த இடத்தில் குடியிருப்புகளும் தொழிற்பேட்டைகளும் எழுந்தன. லயம் இடிந்தது, கோயில் இடம் மாறியது, சில இடங்களில் இடுகாட்டுக்கும் மாற்று இடம் தேட வேண்டியிருந்தது. மக்கள் மலிவு விலை அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். அங்கே எட்டாம் மாடியில் பக்கத்து வீட்டுக்காரருக்கு இவர்கள் வீட்டுச் சுவரில் இருப்பவர் யாரென்று தெரியாது.

இப்போது அந்தப் பத்து வீடுகள் மறுபடி கூடுவது கைப்பேசியில். பழைய தோட்டங்களின் பெயரில் வாட்ஸ்அப், முகநூல் குழுக்கள் இருக்கின்றன. யாரோ ஒருவர் தமிழ்ப்பள்ளியின் ஆண்டிறுதிக் குழுப்படத்தைப் போடுகிறார். ஆசிரியர் நடுவில், பிள்ளைகள் மூன்று வரிசை, முன்வரிசையில் பாதிப்பேர் வெறுங்கால். உடனே பேச்சு தொடங்கும், மேற்பார்வையாளரான மண்டோர் மகன் யார், கணக்கரான கிராணி மகன் யார் என்று. "ரெண்டாவது வரிசைல கடைசி நம்ம மண்டோர் மகன்தானே?" "இல்லண்ணே, அது கிராணி வீட்டுப் பையன். மண்டோர் மகன் அந்த வருசம் அம்மை போட்டு வரல." ஒருவர் பெயர் சொல்கிறார், இன்னொருவர் திருத்துகிறார், மூன்றாமவர் அந்தப் பையன் இப்போது ஜோகூரில் லாரி ஓட்டுகிறான் என்று எண் கொடுக்கிறார். இரவுக்குள் இரண்டு பேர் நாற்பது வருடம் கழித்துப் பேசியிருப்பார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குரல் பதிவு வரும்: அந்தப் படத்தில் இருக்கும், குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக்கொட்டகை அம்மாதான் எங்க பாட்டி, அவங்க படம் எங்ககிட்ட ஒண்ணுகூட இல்ல.

இந்த உரையாடல் செய்வதும் படையல் செய்வதும் ஏறக்குறைய ஒரே காரியம். படத்தில் இருப்பவரைப் பெயர் சொல்லி அழைப்பது, அவருக்குப் பிடித்தது எது, அவர் பட்டது என்ன என்று சொல்வது, சொல்லும் சாக்கில் உயிரோடு இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் இன்னார் என்று அறிந்துகொள்வது. இலைக்கு முன்னால் நிற்கும் பேரனிடம், "இது உங்க தாத்தாவோட தம்பி, சின்னத்தாத்தா. கும்பிட்டுக்கோ" என்று பாட்டி சொல்லும்போது ஒரு சுவடு கை மாறுகிறது. பார்க்காதவரைப் பற்றிய சுவடு. நியாய நூல்களின் கண்டிப்பில் அதை நினைவு என்று சொல்ல முடியாது, ஏனென்றால் அவன் சின்னத்தாத்தாவை அனுபவித்தவன் அல்ல. ஆனால் அவன் பாட்டியை அனுபவித்தவன். அவள் சொன்ன குரலும் சாம்பிராணிப் புகையும் அவனுக்குள் இருக்கும். பின்னாளில் அந்தப் படம் அவனிடம் எழுப்பப்போவது அதைத்தான். தாத்தா வந்து சாப்பிட்டாரா என்ற கேள்விக்கு விசுவாசிகள் ஒரு விடை சொல்லட்டும், பகுத்தறிவாளர்கள் ஒரு விடை சொல்லட்டும். கதவைத் திறந்து உள்ளே போய் அந்த இலையில் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுபவர்கள் யார் என்பதில் இரு தரப்புக்கும் சண்டை இல்லை.

இந்த இடத்துக்குப் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். 2021 பிப்ரவரியில் மைஹெரிட்டேஜ் என்ற நிறுவனம் பழைய படத்தில் உள்ள முகத்தைத் தலை திருப்ப வைத்து, கண் சிமிட்ட வைத்துக் காட்டும் வசதியை வெளியிட்டது. இப்போது எந்தக் கைப்பேசியிலும் அதற்கு மேலேயே செய்யலாம். 1948இன் அடையாள அட்டையில் சிரிக்காமல் நின்ற பாட்டி இன்று சிரிக்கிறார், கை அசைக்கிறார். பேத்தியின் கல்யாணப் படத்தில் இறந்துபோன அப்பா பட்டுவேட்டியோடு நிற்கிறார். பார்த்து அழுபவர்களும் உண்டு, பயந்து அணைத்துவிடுபவர்களும் உண்டு.

இதைப் பொய் என்று எடுத்த எடுப்பில் தள்ளிவிட நியாயமில்லை. தனித்தனி அட்டையிலிருந்த கணவன் மனைவியை ஒட்டிய சிரம்பான் ஸ்டுடியோக்காரரும் நடக்காத ஒன்றைத்தான் செய்தார். ஆனால் அவர் என்ன செய்தார் என்பது வாங்கிப்போனவர்களுக்குத் தெரியும். கோட்டு வரைந்தது, முகம் அப்பாவுடையது என்று மகன் பிரித்துச் சொல்லுவான். அட்டையின் சின்னப் படமும் பீரோவில் பத்திரமாக இருந்தது. இயந்திரம் உண்டாக்கிய சிரிப்போ பாட்டியின் சிரிப்பு அல்ல, அது வேறு லட்சக்கணக்கான முகங்களிலிருந்து கற்றுக்கொண்ட சிரிப்பு. பாட்டி எப்படிச் சிரிப்பார் என்பதை அறிந்தவர் பக்கத்தில் இருந்தால் "எங்கம்மா இப்படிச் சிரிக்க மாட்டாங்க, பல்லு தெரியாம சிரிப்பாங்க" என்று சொல்லிவிடுவார். அவர் இல்லாத வீட்டில் அந்தச் சிரிப்பே பாட்டியாகிவிடும். நிழலைப் பிடித்து நிறுத்துவது என்று எகிப்திய முஃப்தி சொன்ன நியாயமும் இதற்குப் பொருந்தாது, விழுந்ததே இல்லாத நிழல் இது.

ஆகவே சரிபார்க்கக்கூடியவர்கள் யார் என்பதே இப்போதைய கேள்வி. 1948இல் 12 வயதில் கேமராவுக்கு முன்னால் நின்றவர்கள் 1936இல் பிறந்தவர்கள். இன்றைக்கு அவர்களுக்கு 90 வயதை ஒட்டி இருக்கும். சயாமுக்குப் போன அப்பாவின் முகத்தைச் சின்ன வயதில் நேரில் பார்த்தவர்களும் அவர்கள்தான். சிரம்பான், போர்ட்டிக்சன், பகாவ் அடுக்குமாடிகளில் மகன் வீட்டு அறையொன்றில் படுத்திருக்கிறார்கள். நேற்றுச் சாப்பிட்டது மறந்திருக்கும், ஆனால் குழுப்படத்தைக் கண்ணருகே கொண்டுபோய்க் காட்டினால் விரலை வைத்து ஒவ்வொரு பெயராகச் சொல்வார்கள். யாருக்கு யார் என்ன முறை, யார் எந்த வருசம் ஊருக்குப் போனார், யார் திரும்பவில்லை என்பதும் கூடவே வரும். கைப்பேசியில் குரலைப் பதிந்துகொண்டு, படத்தின் பின்பக்கம் பென்சிலால் வரிசைப்படி பெயரும் தோட்டமும் எழுதிவைக்க ஒரு பிற்பகல் போதும். பேனா மை மறுபக்கம் ஊறும், அதனால் பென்சில். தீபாவளிக்கு எல்லாரும் வீட்டுக்கு வருகிறார்கள், இலை விரிப்பதற்காகப் படங்களும் அன்றைக்குச் சுவரிலிருந்து இறங்குகின்றன.